குதிகாலுக்கு அடியில் ஒரு கை

"காலை எடும்மா. கை வலிக்குது."

டாக்டர் மூன்றாவது முறையாகச் சொன்னார். முகத்தை மேஜைப் பக்கம் திருப்பி, இடது கையால் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். வலது கை மட்டும் பரிசோதனைக் கட்டிலில் இருந்தது.

"நான் அப்பவே எறங்கிட்டேன் சார்," என்றாள் அம்மா, என் தோளைப் பிடித்து நின்றபடி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

கட்டிலில் யாரும் இல்லை. அவருடைய கை கருப்பு ரெக்சினுக்குள் புதைந்துகொண்டே போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். அவள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. நான்கு மாதத்துக்கு முன்பு துணி வண்டி கவிழ்ந்து அவள் இடுப்பின்மேல் விழுந்தது. அன்றிலிருந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் அவள் இனி நடக்கவே முடியாது. அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி அனுமதி தர வேண்டும். வலி உண்மையா, நடிப்பா என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். "எங்க ஆளு இல்லம்மா, நடுநிலையானவரு."

அந்த டாக்டரின் அறையில் டெட்டால் வாசனை. அதற்கு அடியில் ஈரச் சாக்கு நாறுவது போல வேறொன்று. ஏசி கிடையாது, ஆனால் கட்டிலருகே மட்டும் குளிர்ந்தது.

"வண்டியிலேர்ந்து எறங்கறத ஜன்னல் வழியா பார்த்தேன்," என்றார் அவர். "நல்லாத்தான் எறங்கினீங்க. என் கதவைப் பார்த்ததும் கால் வரலையோ?"

"நடிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சார் பன்னெண்டு வருஷமா ஊரார் போர்வையைத் தொவைக்கறேன்?"

அவர் சிரிக்கவில்லை. அம்மாவைப் படுக்க வைத்து, நல்ல காலின் குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார். கெட்ட காலைத் தூக்கச் சொன்னார். உண்மையாக முயற்சி செய்தால் நல்ல கால் தன்னையறியாமல் கீழே அழுத்துமாம். நடிப்பவர்களுக்கு அழுத்தாதாம். வித்தை காட்டுகிறவர் மாதிரி என்னிடம் விளக்கினார். இதே கட்டிலில் படுத்த எத்தனையோ பேரை 'நடிப்பு' என்று எழுதி அனுப்பியிருக்கிறாராம்.

அம்மா தூக்கப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. நல்ல கால் அவர் கையை மெத்தையோடு சேர்த்து அமுக்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

"அழுத்தமே இல்ல."

அப்போதுதான் மேஜைமேல் இருந்த ரிப்போர்ட் கண்ணில் பட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே டைப் செய்து முடித்திருந்தார்கள். கடைசி வரி, 'இவர் நடிக்கிறார்.' கையெழுத்துதான் பாக்கி.

"எந்திரிம்மா, போலாம்," என்று அம்மாவை இறக்கினேன்.

அவர் கைதான் வரவில்லை.

கை இருந்த இடத்தில் ரெக்சினில் ஒரு குழி விழுந்திருந்தது. குதிகால் அளவு.

பக்கத்தில் இன்னொன்று.

பிறகு கட்டில் முழுக்க, மணலில் மழைத்துளி விழுவது போல, குழி குழியாக.

விரல் எலும்பு நெரியும் சத்தம் கேட்டது. ஓடியிருக்கலாம். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"இப்ப அழுத்தம் தெரியுதா சார்?"

"தெரியுது பாப்பா," என்றார், சத்தமே வராமல்.

"அப்ப எழுதுங்க."

கடைசி வரியை அடித்துவிட்டு, இடது கையால் 'உண்மை' என்று கோணல்மாணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிடி விட்டது. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவோடு வெளியே வந்தேன்.

எங்கள் முதுகுக்குப் பின்னால், அறைக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"எனக்கும் எழுதுங்க," என்றது ஓர் ஆண்குரல்.

"எனக்கும்." இது பெண்.

வெளியே கழுத்தில் பட்டை போட்ட லாரி டிரைவர் காத்திருந்தார். "தங்கச்சி, அவரு எப்படி? நியாயமா எழுதுவாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டது. டிரைவர் உள்ளே போய்விட்டார்.

'போகாதீங்க அண்ணா' என்று கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டுமா, 'தைரியமா போங்க' என்று சொல்லியிருக்க வேண்டுமா?