ஏழாம் எண் கவிதைக்குச் சொந்தக்காரர்

நவம்பர் ஞாயிறு. மதியம் 3.10.

மரப்பெட்டியில் பதினேழு சீட்டுகள்தான் இருந்தன. பதினெட்டு இருந்திருக்க வேண்டும்.

பல் டாக்டர் உத்சுமி மூன்றாம் முறை எண்ணிப் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"ஏழாம் எண் இல்ல," என்றார். "வேற எது போயிருந்தாலும் போகட்டும்னு விட்டிருப்பேன். போனது அது."

சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் காலிப் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். மிசாரி தீவின் கவிதைக் கூட்டத்தில் முப்பது வருஷமாக ஒரு பென்சில்கூடத் திருடு போனதில்லை. என்னைக் கேட்டால், திருடிப் போகிற மாதிரி அங்கே யாரும் எதுவும் எழுதியதுமில்லை. அன்றைக்குத்தான் எழுதியிருந்தார்கள்.

நடந்தது இதுதான்.

1.30 மணிக்குத் துறைமுக மன்றத்தின் மாடியில் கூட்டம் கூடியது. ஆளுக்கு மூன்று கவிதை, மூன்று சீட்டு, பெயர் எழுதக் கூடாது. சீட்டுகளைப் பெட்டியில் போட்டதும், எப்போதும்போல ஆரஞ்சுத் தோட்டக்காரர் ஷின்பெய் எண்ணினார். "பதினெட்டு. சரியா இருக்கு," என்றார். சீட்டுகளைக் கலைத்து ஆளுக்கு மூன்றாகப் பிரித்தார்கள். அவரவருக்கு வந்ததை அவரவர் கையால் வேறு தாளில் நகலெடுத்து, தாளிலும் சீட்டிலும் எண் போட்டு, சீட்டைப் பெட்டியில் திருப்பிப் போட்டார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. தாள்கள் சுற்றி வரும். ஒவ்வொருவரும் பிடித்த மூன்றைத் தேர்வார்கள். தன்னுடையதைத் தானே தேர்வது, பல் விளக்காமல் பல் டாக்டரிடம் போவதைவிடக் கேவலம். கடைசியில் தேர்வான கவிதைகளை உத்சுமி படிப்பார். எழுதியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் பெயரைச் சொல்வார்.

2.30 மணிக்கு அவர் ஏழாம் எண்ணைப் படித்தார்.

மூடுபனி விலகுகிறது
நான் பிறந்த தீவை
முதன்முதலாகப் பார்க்கிறேன்

படித்துவிட்டுத் தாளைக் கீழே வைக்க மறந்துபோனார். ஆறு பேரும் அதைத் தேர்ந்திருந்தார்கள். அவரும் சேர்த்துத்தான். ஜன்னலுக்கு வெளியே கடல் எப்போதும்போலத்தான் கிடந்தது. ஆனால் எல்லாரும் திரும்பி அதையே பார்த்தார்கள்.

"உடம்பு சிலிர்த்துப் போச்சு," என்றார் பொதுக் குளியலறை நடத்தும் குவாஹாரா. "வெந்நீர்ல இருந்து எந்திரிச்சு வெளிய வந்தா காத்து படுமே, அப்படி."

"நான் தினம் நாலு தடவ படகுல டிக்கெட் கிழிக்கிறேன்," என்றாள் ரிகா. கூட்டத்துக்கு வந்து மூன்று வாரமே ஆன பெண். "இந்தத் தீவை நான் பாத்ததே இல்லன்னு இப்பதான் தெரியுது."

ஷின்பெய் மடியில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி யாசுவேக்குக் கண் கலங்கியிருந்தது. எழுபத்து நாலு வயது, நிமிர்ந்த முதுகு, சாம்பல் நிறக் கிமோனோ. "இதை எழுதினவரு எனக்குள்ள வந்து பாத்துட்டுப் போயிருக்காரு," என்றாள்.

"குத்தம் சொல்ல எதுவுமே இல்ல," என்றார் உத்சுமி. கூட்டமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது. "யாரு எழுதினது?"

பதில் இல்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை.

சும்மா விட்டுவிடக்கூடிய விஷயமில்லை அது. புதிய படகுத் துறையில் நிறுத்தப்போகும் கல்லுக்கு அன்றைக்குத்தான் கவிதை தேர்வு. எழுதியவரின் கையெழுத்தை அச்சாகப் பிரதியெடுத்துக் கல்லில் வெட்டுவார்கள். கல்தச்சர் நாலு மணிப் படகில் வருகிறார், ஐந்து மணிப் படகில் திரும்புகிறார். அதற்குள் சீட்டும் பெயரும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவதாக வந்த குவாஹாராவின் கவிதை கல்லில் ஏறும். ஏழாம் எண் ஒரு நகல் தாளோடு போய்விடும்.

"கூச்சப்படுறாங்க போல. டீ குடிச்சிட்டு வந்து சொல்லட்டும்," என்று உத்சுமி பதினைந்து நிமிடம் இடைவேளை விட்டார். ஷின்பெய் கொண்டுவந்த கமலா ஆரஞ்சுக் கூடை, சீட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே மேசைமேல் இருந்தது. எல்லாரும் ஆளுக்கொரு பழத்துக்கு அங்கே கை நீட்டினார்கள்.

"நீங்களும் ஒண்ணு எடுக்கறதுதானே அண்ணே?" என்று சீண்டினார் குவாஹாரா.

"போய்யா. நாப்பத்தெட்டு வருஷமா அதைப் பறிச்சுப் பறிச்சு வாசனை பட்டாலே குமட்டுது," என்றார் ஷின்பெய்.

இடைவேளை முடிந்து பெட்டியைத் திறந்தால், சீட்டு இல்லை.

3.15.

"சார்ஜென்ட் அம்மா, இது உங்க வேலை," என்றார் உத்சுமி.

ஆறாவது ஆள் மினெகோ. துறைமுகக் காவல் சாவடியின் சார்ஜென்ட். ஐந்து வருஷத்தில் அவர் துப்புத் துலக்கியது இரண்டு சைக்கிளும் ஒரு வெளிநடப்புச் செய்த ஆடும். அவர் கவிதைகளைப் பற்றி உத்சுமி ஒரே தடவைதான் கருத்துச் சொன்னார்: "இது கவிதை இல்லம்மா, புகார் மனு." அதற்கப்புறமும் மினெகோ ஒரு ஞாயிறு தவறியதில்லை.

"யாரும் வெளிய போக வேணாம்," என்றார். "ரிகா, ஏழாம் எண்ணை நகலெடுத்தது நீதானே?"

"ஆமா மேடம். யாரு எழுத்துன்னு தெரியாது. எனக்கு இன்னும் யாரு எழுத்தும் பழகல."

"எப்படி இருந்துச்சு?"

"தூரிகைப் பேனா. அழகா, நிதானமா. கை பழகினவங்க எழுத்து."

"குவாஹாரா அண்ணே. ஏழாம் எண் போனா கல்லுல உங்க கவிதை."

குவாஹாராவின் மொட்டைத் தலை சிவந்தது. "அதுக்குன்னு நான் திருடுவேனா? அந்தக் கவிதைக்குப் பக்கத்துல என்னுதை வெட்டி வச்சா, தினம் அதைத் தாண்டிப் படகேறணுமே, எனக்கு வெக்கமா இருக்காதா?"

"இங்க தீவுல பிறந்தவங்க யாரு?"

குவாஹாரா கை தூக்கினார். யாசுவேயும் தூக்கினாள். உத்சுமி நகரத்திலிருந்து வந்தவர். ஷின்பெய் மாமனார் தோட்டத்துக்கு வீட்டு மாப்பிள்ளையாக எதிர்க்கரையிலிருந்து வந்தவர்.

"கவிதையில வர்ற 'நான்' எல்லாம் அடையாள அட்டை இல்ல," என்று முணுமுணுத்தார் உத்சுமி.

"என்னுதுன்னா அப்பவே கூரைமேல ஏறிக் கத்தியிருப்பேன்," என்றார் குவாஹாரா. அதை எல்லாரும் நம்பினார்கள்.

"சரி. ஒவ்வொருத்தரும் உங்க மூணு கவிதையோட எண்ணைச் சொல்லுங்க."

உத்சுமி சொன்னார். குவாஹாரா சொன்னார். ரிகா சொன்னாள். மினெகோ தன்னுடையதைக் குறித்துக்கொண்டார். யாசுவேயின் முறை வந்தபோது ஷின்பெய் முந்திக்கொண்டார். "இவளோடது ரெண்டு, ஒம்பது, பதிமூணு. என்னோடது அஞ்சு, பதினாறு. நான் இந்தத் தடவ ரெண்டுதான் போட்டேன். மூணாவது சரியா வரல."

யாசுவே ஜன்னலைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"ஆக நம்மளோடது பதினேழு," என்றார் உத்சுமி மெதுவாக. "பதினெட்டாவது வெளியாள் போட்டது. அதான் ஆறு பேரும் தேர்ந்திருக்கோம். எழுதினவரு இந்த அறையிலயே இல்ல."

ரிகாவுக்குப் புல்லரித்தது. "செத்துப்போனவங்க யாராச்சும்..." என்று இழுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. அப்படி ஒரு கவிதைக்கு அந்த விளக்கமும் பொருத்தமாகத்தான் இருந்தது.

4.05. கல்தச்சர் கீழே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

மினெகோ அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பைகளைச் சோதித்தார். பாய்களைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் மேசைமேல் கண் போனது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ஆரஞ்சுத் தோல். ஐந்து தோல்கள் கன்னாபின்னாவென்று கிழிந்து கிடந்தன. ஆறாவது, ஒரே துண்டாக உரிக்கப்பட்டு, மறுபடி முழுப் பழம்போல மூடி வைக்கப்பட்டிருந்தது.

அது ஷின்பெய்க்கு முன்னால் இருந்தது.

மினெகோ அங்கேயே நின்றார். அடுத்த விநாடி எல்லாம் பிடிபட்டது. பிடிபட்டதும், போலீஸ்காரியாகச் சந்தோஷப்பட வேண்டியவர் எண்களைக் குறித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஷின்பெய் அண்ணே, கொஞ்சம் வராந்தாவுக்கு வாங்க."

4.20. வராந்தாக் கதவைச் சாத்தினார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

ஷின்பெய் கடலைப் பார்த்தார். "என்னத்தச் சொல்ல?"

"1.40க்கு நீங்கதான் எண்ணினீங்க. பதினெட்டு, சரியா இருக்குன்னு சொன்னீங்க. நீங்க ரெண்டுதான் போட்டிருந்தா, பதினேழுதானே வரணும்? ஒண்ணு கூட இருக்கேன்னு உங்க வாய்தான் முதல்ல சொல்லியிருக்கும். வெளியாள் சீட்டு எதுவும் இல்ல. அக்காவைச் சொல்ல விடாம நீங்களே எண்ணைச் சொன்னீங்க; எதிர்க்கரையைப் பத்தின அந்தப் பதிமூணு உங்களோடது. அக்காவோட மூணாவது ஏழு. வாசனை பட்டாலே குமட்டுற பழத்தை இன்னைக்கு நீங்க உரிச்சது, சீட்டை ஒளிச்சு வைக்க."

"ஆறு பேரும் தேர்ந்தோமே..."

"அதுலதான் எல்லாரும் ஏமாந்தோம். தன்னோடதைத் தானே யாரும் தேர மாட்டாங்க, அதனால எழுதினவரு இங்க இல்லன்னு முடிவு பண்ணிட்டோம். இன்னொரு வழி இருக்கு. எழுதினவங்களுக்கே தான் எழுதினதுன்னு தெரியல. எத்தனை நாளா அண்ணே?"

கிழவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"போன வசந்தத்துல இருந்து. காலையில எழுதினா, மத்தியானத்துக்குள்ள மறந்துடுறா. தன்னோட மூணைச் சீட்டுல எழுதிப் போடுறதை நானே பாத்தேன். டாக்டர் படிச்சப்ப கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு, எழுதினவரு எனக்குள்ள வந்துட்டாருங்கிறா. எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. இப்ப சீட்டைப் பாத்தா எழுத்து தெரிஞ்சுடும். எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா என்ன? கல்லுல அக்கா பேரு வருமே!"

"கல்லு யாருக்கு வேணும்?" ஷின்பெயின் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவ தானா எந்திரிச்சு உடுத்திக்கிறா. ஏன் தெரியுமா? டாக்டர் அவளைத் திட்டுவாரு. இவ பதிலுக்குத் திட்டுவா. நாளைக்கு விஷயம் தெரிஞ்சா எல்லாரும் பாவம்னு பாப்பீங்க. அவ எதை எழுதினாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு தலையாட்டுவீங்க. அப்புறம் அவளுக்கு இங்க என்ன இருக்கு?"

மினெகோ ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். கடிகாரத்தில் 4.28.

"அந்தக் கவிதை அவங்களோடது அண்ணே," என்றார் கடைசியில். "அதைப் பறிக்க உங்களுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல. அவங்ககிட்டயே கொடுத்துடுங்க."

4.32. ஷின்பெய் உள்ளே வந்தார். ஆரஞ்சுத் தோலை விரித்தார். உள்ளே நான்காக மடித்த வெள்ளைச் சீட்டு, ஓரத்தில் மட்டும் ஈரம். அதை மனைவியின் முன்னால் இரண்டு கையாலும் வைத்தார்.

"எடுத்தது நான்தான்," என்றார் எல்லாரிடமும். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

யாசுவே சீட்டைப் பிரித்தாள். விரலால் எழுத்துகளின் மேலேயே தடவிப்போனாள்.

"என் எழுத்துதான்," என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள், அந்த முகத்தை அங்கிருந்த யாரும் சாகும்வரை மறக்க மாட்டார்கள். "என்னங்க, நானா? இப்படியெல்லாமா எழுதுவேன் நான்?"

உத்சுமி கண்ணாடியைக் கழற்றினார். ஊரில் எழுதுகிற ஒவ்வொருவனும் தன் கவிதையை ஒரே ஒரு தடவை அடுத்தவன் கண்ணால் படிக்க மாட்டோமா என்று ஏங்குகிறான். யாருக்கும் அது கிடைத்ததில்லை. இந்த அம்மாளுக்குக் கிடைத்திருந்தது, அதுவும் எப்பேர்ப்பட்ட விலைக்கு! பயமும் பரவசமுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குவாஹாரா மூக்கை உறிஞ்சினார். "யாசுவே அக்கா," என்றார் குழந்தையிடம் பேசுகிற குரலில், "நீங்க எதை எழுதினாலும் தங்கம் அக்கா. உங்க ஒம்பதாம் எண்கூட எவ்ளோ அழகு தெரியுமா..."

ரிகா வேகமாகத் தலையாட்டினாள். ஷின்பெயின் முகம் தொங்கிப்போனது. அவர் பயந்தது இதற்குத்தான். மினெகோ தரையைப் பார்த்தார்.

"ஒம்பதாம் எண்ணா?" உத்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகல் தாளை வெடுக்கென்று இழுத்தார். "ஒம்பதாம் எண் குப்பை."

"டாக்டர்!" என்றாள் ரிகா.

"குப்பையைக் குப்பைன்னுதான் சொல்வேன். முதல் வரியில நிலா, ரெண்டாவது வரியில நிலா, மூணாவதுல நிலாவோட நிழல். ஏழாம் எண் எழுதின கை இதை எழுதலாமா? வெக்கமா இல்ல யாசுவே அம்மா உங்களுக்கு?"

யாசுவேயின் கன்னம் இரண்டும் குப்பென்று சிவந்தன. முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"நிழல்னாதான் டாக்டர் விஷயமே! நீங்க படிக்கிறப்பவே மூச்சை எங்கயோ விட்டுட்டுப் படிச்சீங்க. சொத்தைப் பல்லைப் பிடுங்குற மாதிரியா படிக்கிறது?"

ஷின்பெய் கூடைக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

வாசலில் நின்ற கல்தச்சர் மினெகோவிடம் மெல்லக் கேட்டார். "பேரு என்னன்னு போடணும்?"

"யாசுவே," என்றார் மினெகோ.

யாசுவேக்கு அது காதில் விழவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு முழங்காலாலேயே நகர்ந்து டாக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்க, எந்த நிலாவை எடுக்கணும்னு காட்டுங்க, பாக்கலாம்."