பத்தாயிரம் தடவை

தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு கொக்கி பல்லில் விழுந்து பூட்டிக்கொள்வதுபோல, 'டக்'. கொஞ்சம் மௌனம். மறுபடியும் 'டக்'. பரிசோதகர் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நடந்தார். ஆறு விநாடிக்கு ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனிதன் செய்கிற வேலையில் இப்படி ஓர் ஒழுங்கு இருக்காது. நடுவில் மூச்சு வாங்குவான், மூக்கைச் சொறிவான், யாரையாவது திட்டுவான். 'மோட்டாரை ஒளித்து வைத்திருக்கிறான், திருட்டுப் பயல்' என்று நினைத்துக்கொண்டார். மனசுக்கு இதமாக இருந்தது.

காப்புரிமை அலுவலகத்தில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். அதில் அவருக்குப் பெருமைதான். உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவிகள் எல்லாம் அவருடைய மேஜைக்குத்தான் வரும். விழுந்தால் காற்றடைத்துக்கொள்ளும் சட்டை, கண் அசந்தால் கழுத்தைத் தட்டும் பட்டை, விரல் நுழைந்தால் மெஷினை நிறுத்தும் கையுறை. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறார். அதைக் கொண்டு வருகிறவர்கள் எல்லாருமே அவர் கணக்கில் ஒரே ரகம். ஒரு ஸ்பிரிங்கையும் ஒரு கனவையும் சேர்த்து முடிந்துகொண்டு, பல்லை இளித்தபடி வாசலில் வந்து நிற்கும் அசடுகள்.

இந்த ஃபிட்டர் அதில் முதல்தர அசடு. பளு தூக்குகிற தொழிலாளிகளின் முதுகு ஒடியாமலிருக்க, தோளிலிருந்து தொடை வரை மாட்டிக்கொள்ளும் இரும்புச் சட்டகம் ஒன்று செய்திருந்தான். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. குனியும்போது ஸ்பிரிங் இறுகும், நிமிரும்போது அந்த விசையே உடம்பைத் தூக்கிவிடும் என்று எழுதியிருந்தான். மூன்று முறை விண்ணப்பித்தான்; மூன்று முறையும் கத்தரி விழுந்தது. மூன்றாவது விண்ணப்பத்தை அவர் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. 'பத்தாயிரம் தடவை தூக்கிக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம்' என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, மத்தியானம் கேன்டீனில் அதைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தார்.

அதற்கப்புறம் ஃபிட்டரின் மனைவியிடமிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி. 'ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள்.' பதினோராவது கடிதம் நேராக மேலதிகாரிக்குப் போய்விட்டது. அதனால்தான் இந்தச் சாயங்காலம், காப்பி குடிக்கிற நேரத்தில், இந்த ஒடுங்கிய தெருவில் அவர் செருப்பு தேய வேண்டியிருந்தது.

கதவைத் தட்டக் கையை ஓங்கும் முன்பே அது திறந்தது. மெலிந்த பெண். கண்ணுக்குக் கீழே மை அப்பியதுபோலக் கருப்பு. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"வந்துட்டீங்களா சார்?"

"வரவெச்சுட்டீங்களே. எங்கே உங்க வீட்டுக்காரர்? புது மாப்பிள்ளை மாதிரி உள்ளேயே உட்கார்ந்துட்டாரா?"

"அவர் உட்கார்றதில்லை சார்" என்றாள்.

பேச்சிலும் திமிர் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனார். முன்னறையில் ஒரு தையல் மெஷின், மேலே பாதி தைத்த பட்டைகள். சட்டகத்தின் வார்களை இவள்தான் தைத்திருக்க வேண்டும். குடும்பமே சேர்ந்து கிறுக்குப் பிடித்து அலைந்திருக்கிறது. ஃபினாயில் நெடி மூக்கை அறுத்தது. யாரோ தரையைக் கழுவிக் கழுவி, காயும் முன்பே மறுபடி கழுவியதுபோல் அப்படி ஒரு நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பூஞ்சை பிடித்த தோல் சாமான் என்று அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

டக்.

கொல்லைப்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே விழுந்த மஞ்சள் வெயிலில் தூசி மிதந்தது. சுவர் முழுக்கச் சாக்குக்கட்டிக் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டி, தரையிலிருந்து தலைக்கு மேல்வரை. பாதிச் சுவர் வரை ஒரு கை போட்டது, பிறகு வேறொரு கை. ஓரிடத்தில் சட்டென்று நின்றிருந்தன.

"இது என்ன?"

"பத்தாயிரம், சார். அது எப்பவோ தாண்டிடுச்சு. அப்புறம் நான் எண்ணலை."

ஃபிட்டர் முதுகு காட்டி நின்றிருந்தான். இரும்புத் துண்டுகள் நிறைந்த மரப்பெட்டியைத் தரையிலிருந்து தூக்கினான். நிமிரும்போது இடுப்புக் கொக்கி பூட்டிக்கொண்டது. டக். மேஜையில் வைத்தான். உடனே எடுத்துத் தரையில் வைத்தான். குனிந்தான். தூக்கினான். டக்.

"ஓய், ஆள் வந்தா திரும்பிப் பார்க்கிற பழக்கம் எல்லாம் கிடையாதா?"

அவன் திரும்பவில்லை. பரிசோதகர் தானே வேலையில் இறங்கினார். முழங்காலை மடித்து மேஜைக்கு அடியில் பார்த்தார். வயர் இல்லை. சட்டகத்தை விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் குழாய். மோட்டார் இல்லை. கிளிஞ்சலை உரசுவதுபோல் ஸ்பிரிங் மட்டும் முனகியது. எரிச்சலாக இருந்தது. ஏமாற்றுக்காரனாக இருக்கக்கூட இவனுக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

அப்போதுதான் அவன் சட்டையைக் கவனித்தார். தகரத்துக்கடியில் அடுப்பாக வெந்துகொண்டிருந்த அந்த இடத்தில் அவருக்கே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் சட்டை மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. பெட்டியின் கயிற்றுப்பிடி கருத்திருந்தது. அந்தக் கருப்பு அவன் உள்ளங்கையிலும் இருந்தது. உள்ளங்கையில் தோல் இல்லை.

பரிசோதகர் மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணும். ஓர் ஈ அவன் கன்னத்தில் ஏறி, அவசரமே இல்லாமல் நடந்து, கண்ணின் வெள்ளையில் போய் நின்று காலைத் தேய்த்துக்கொண்டது. இமை மூடவில்லை.

டக்.

"எத்தனை நாளா?" என்றார்.

"சாப்பாடு நின்னு இருபது நாள். தூக்கம் அதுக்கும் முன்னாடி." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மூச்சு எப்ப நின்னுச்சுன்னு தெரியலை சார். நான் மெஷின்ல தைச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் மாறவே இல்லையே."

"டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதானே? படிக்காத ஜனங்க மாதிரி..."

"வந்தாரு. இந்த வாசப்படி வரைக்கும் வந்துட்டு ஓடிட்டாரு."

"கழட்டிப் போட வேண்டியதுதானே இந்தக் கண்றாவியை!"

"வார்ல கை வெச்சா என்னைத் தள்ளி விடுறாரு. 'இன்னும் முடியலை, அந்த சார் சொல்லட்டும்'னு ஒரு தடவை சொன்னாரு. கடைசியாப் பேசினது அதுதான். நீங்க எழுதினதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாரு." அவள் கைகூப்பினாள். "காதுல சொல்லுங்க சார். போதும், கிடைச்சிடுச்சுன்னு. நீங்க சொன்னாத்தான் நிறுத்துவாரு."

ஓடிவிடலாம். கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மூளை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசியது. எந்த ஸ்பிரிங்கும் வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பித் தராது. குனிவதற்கு ஒருத்தன் வேண்டும். அப்படியானால் இப்போது குனிவது யார்?

அதற்கு மேல் யோசிக்க அவருக்கு விருப்பமில்லை.

பையிலிருந்து படிவத்தை எடுத்தார். ஏற்கப்பட்டது என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தின் பக்கத்தில் போனார். காதுமடல் ஊதாவாக இருந்தது. இந்தச் சனியனிடம் போய், செத்த ஒரு ஃபிட்டரிடம் போய், இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று, அந்த நிலையிலும் அவருக்குக் கேவலமாக இருந்தது.

"போதும்" என்றார். "போதும்ப்பா. கிடைச்சிடுச்சு. நல்லா செஞ்சிருக்கே."

பெட்டி மேஜையில் உட்கார்ந்தது. கைகள் அதை விட்டன.

ஆறு விநாடி. பத்து. இருபது. தெருவில் சைக்கிள் மணி ஒன்று அடித்துக்கொண்டே போனது. எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்தது. உலகத்தில் இவ்வளவு சத்தம் இருந்ததா!

அவள் விம்மிக்கொண்டே வார்களை அவிழ்த்தாள். தோள். மார்பு. இடுப்பு. அவன் தள்ளவில்லை. கடைசியில் குந்தி உட்கார்ந்து தொடைப் பட்டையையும் உருவினாள். சட்டகம் பின்பக்கமாகச் சரிந்து, தரையில் கலகலவென்று விழுந்து, ஸ்பிரிங் தொங்கக் கிடந்தது. வெறும் பழைய இரும்பு. பரிசோதகர் உடம்பைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டினார்.

உடம்பு விழவில்லை.

அவள் இன்னும் கீழேயே இருந்தாள். அவன் கால்களைக் கட்டிக்கொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்து, "போதுங்க, வந்துடுங்க, போதுங்க" என்று அழுதுகொண்டிருந்தாள்.

அவன் குனிந்தான்.

மெதுவாக. பெட்டியைத் தூக்கும் அதே கோணம். தோலில்லாத கைகள் அவளுடைய அக்குளுக்கடியில் போயின. தூக்கினான்.

டக்.

பரிசோதகர் தரையைப் பார்த்தார். சட்டகம் அசையவே இல்லை. கொக்கி திறந்தே கிடந்தது.

சத்தம் அவன் விலா எலும்புக்கு உள்ளேயிருந்து வந்தது.

அவளை மேஜையில், பெட்டிக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்தான். மறுபடி எடுத்தான். தரையில் வைத்தான். குனிந்தான். பிடி இறுகிக்கொண்டே போனது. ஏதோ ஒன்று முறியும் ஓசை, சுள்ளி மாதிரி, மெலிதாகக் கேட்டது. அவள் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இருந்திருக்காது. அவன் தோளுக்கு மேலாகப் பரிசோதகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே.

டக்.

கீழே.

மேலே.