கரண்டி வந்த வருஷம்

எங்கள் வீட்டுக்குக் கரண்டி வந்த வருஷம் எனக்குப் பத்து வயது.

கரண்டி என்றால் சமையலறைக் கரண்டி இல்லை. அது ஒரு மின்வண்டி. கீழே இரண்டு சக்கரம், நடுவே நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள நீளமாக ஒரு கம்பி. ஒருவர் மட்டும் ஏறி நிற்கலாம். முன்னால் சாய்ந்தால் போகும், நிமிர்ந்தால் நிற்கும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் எங்கள் யாருடைய வாயிலும் நுழையவில்லை. முதல் நாள் அதைப் பார்த்த என் தம்பி, "ஐ, எவ்ளோ பெரிய கரண்டி!" என்றான். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் பாதியில் நின்று, ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் அப்பாவுக்குத்தான் போன் வரும். முன்பெல்லாம் எங்கள் பச்சைக் காரில் போவார். போக்குவரத்து நெரிசலில் அந்தக் கார் ஆமையோடு போட்டி போட்டாலும் தோற்றுவிடும். போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் ஆபீஸிலேயே கரண்டியை வாங்கிக் கொடுத்தார்கள். அது சந்து பொந்தெல்லாம் நுழைந்து பன்னிரண்டே நிமிடத்தில் போய்விடும்.

"இனிமே காருக்கு என்ன வேலை?" என்றார் அம்மா. "பாத்துக்கிட்டே இருங்க, கொஞ்ச நாள்ல எல்லாரும் இதுலதான் போகப் போறாங்க."

அம்மா சொன்னது சரிதான். ஆனால் எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கார் இருந்த காலத்தில் தினமும் காலையில் அப்பாதான் எங்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். பின்சீட்டில் ஒரு ஜன்னலோரம் அண்ணன், இன்னொரு ஜன்னலோரம் நான், நடுவில் தம்பி. முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் அவருடைய கருவிப்பெட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கும் சீட் பெல்ட் உண்டு. "திடீர்னு பிரேக் போட்டா ஸ்பேனர் எல்லாம் பறக்கும்" என்பார்.

வண்டியைக் கிளப்பும் முன், "பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்பார்.

"போட்டாச்சு!" என்று மூன்று பேரும் கத்துவோம்.

உடனே கதை தொடங்கிவிடும்.

வீட்டில் அப்பா அதிகம் பேச மாட்டார். "சாப்டாச்சா?", "ம்", "லைட்டை அணை". அவ்வளவுதான் அவருடைய மொத்தப் பேச்சும். "உங்க அப்பா வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்" என்று அம்மா அலுத்துக்கொள்வார். அப்பா காரில் கதை சொல்கிறார் என்று நாங்கள் சொன்னால் அம்மா நம்பவே மாட்டார்.

எல்லாமே லிஃப்ட் கதைகள்தான். கடைசியாகச் சொன்னது ஒரு தொப்பி வியாபாரியின் கதை. அவர் ஓர் ஆட்டைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. அவசர போன் நம்பர் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தை ஆடு தின்றுவிட்டது. அந்த இடத்தில் பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது.

"மீதி நாளைக்கு" என்றார் அப்பா.

மறுநாள் கரண்டி வந்தது. அப்பா ஹெல்மெட் மாட்டி, முதுகில் ஒரு கருவிப்பையோடு விர்ரென்று தனியாகப் போய்விட்டார். நாங்கள் பள்ளிக்கூடப் பேருந்தில் போனோம். தொப்பிக்காரர் லிஃப்டிலேயே நின்றுவிட்டார்.

தம்பிக்குத்தான் தாங்கவில்லை. "அவருக்குப் பசிக்காதா?" என்று தினமும் கேட்பான். ஒருநாள் அவன் தலையணையைச் சுற்றி எறும்பு மொய்த்தது. தூக்கிப் பார்த்தால் நான்கு பிஸ்கட்.

"தொப்பிக்காரருக்கு ரெண்டு, ஆட்டுக்கு ரெண்டு" என்றான்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே கவலைதான்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் அப்பாவுக்கு முன்னால் வரிசையாகப் போய் உட்கார்ந்தோம்.

"அப்பா, தொப்பிக்காரர் கதை."

அப்பா எங்கள் முகங்களைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "தொப்பிக்காரர்... உள்ள இருந்தார்."

"அப்புறம்?"

"ஆடும் இருந்துச்சு."

"அப்புறம்?"

அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். போனவர் போனவர்தான்.

"அப்பாவுக்கு இப்ப நம்ம ஞாபகமே இல்ல. எல்லாம் அந்தக் கரண்டியால வந்தது" என்றான் அண்ணன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடத்தில் கரண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சார்ஜரைப் பிடுங்கிவிடலாம் என்று அதன் மேல் கை வைத்தேன். அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. யாரோ ஒரு சின்னப் பெண் லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டாளாம். அப்பா ஓடி வந்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அப்பா திரும்பி வந்து, "அழுதுக்கிட்டே இருந்தா பாவம். வீட்ல விட்டுட்டு வந்தேன்" என்றார். அதற்குப் பிறகு கரண்டியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

காரை விற்பது என்று முடிவானது. செடி நர்சரி வைத்திருக்கும் ஓர் அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஞாயிறு காலையில் அப்பா காரைக் கழுவினார். நான் உள்ளே பின்சீட்டைத் துடைத்தேன். சீட்டின் இடுக்கிலிருந்து ஒரு பென்சில், பாதி ரப்பர், தம்பி தொலைத்த ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது.

வைப்பர் ஓடுகிறதா என்று பார்க்க அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தார். பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நாம இப்படி உக்காந்து ரொம்ப நாளாச்சு, இல்ல?"

"ஆமாம்ப்பா."

கண்ணாடியில் அவர் கண்கள் சிரித்தன. "தொப்பிக்காரர் என்ன பண்ணாருன்னா, பெரிய தொப்பியா ஒண்ணை எடுத்து..."

அதற்குள் வாசலில் டிங் டிங் என்று மணி அடித்தது. நர்சரி அக்கா வந்துவிட்டார். அவரும் ஒரு கரண்டியில்தான் வந்திருந்தார்!

அப்பா இறங்கிப் போனார். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் வராத கதை இங்கே மட்டும் எப்படி வந்தது?

வகுப்பில் டீச்சர் என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்திப் பாட்டுச் சொல்லச் சொன்னால் எனக்குத் தலைகீழாகத் தெரிந்த பாட்டும் மறந்துபோகும். அதையே கரும்பலகை துடைக்கும்போது நானாகப் பாடுவேன். ஒரு வரிகூடத் தப்பாது.

அப்பாவுக்குக் கூச்சம்! அவ்வளவு பெரிய அப்பாவுக்கு என்னைப் போலவே கூச்சம். முகத்துக்கு நேராக உட்கார்ந்து எல்லோரும் பார்த்தால் வார்த்தை வராது. முதுகுக்குப் பின்னால் நாங்கள் இருக்க வேண்டும்.

வெளியே அக்கா டேப் வைத்துக் காரை அளந்துகொண்டிருந்தார்.

"உங்ககிட்டதான் கரண்டி இருக்கே, கார் எதுக்கு?" என்று கேட்டேன்.

"நான் ஒருத்தி போறதுக்கு இது போதும்மா. தொட்டிச் செடியெல்லாம் இதுல ஏறி நிக்குமா?" என்று சிரித்தார். "இந்தப் பின்சீட்டைக் கழட்டிட்டா நாப்பது தொட்டி வைக்கலாம்."

"கழட்டின சீட்டை என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிப் போட வேண்டியதுதான். ஏன், உனக்கு வேணுமா?"

"வேணும்!"

நான் போட்ட சத்தத்தில் அப்பா திரும்பிப் பார்த்தார். "எதுக்கும்மா?"

"அப்புறம் சொல்றேன்ப்பா."

அப்பா மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்து அவரே சீட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

கார் கிளம்பியது. தெருமுனையில் அதன் பச்சைக் கூரை மறையும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். விற்கச் சொன்ன அம்மாதான் முதலில் கண்ணைத் துடைத்தார். "தூசி" என்றார். தூசியெல்லாம் காலையிலேயே கழுவிவிட்டோமே என்றான் தம்பி.

சாயங்காலம் நாங்கள் மூவரும் சேர்ந்து வேலையில் இறங்கினோம். கூடத்தில் பின்சீட்டைப் போட்டோம். அதற்கு முன்னால், சுவரைப் பார்த்தபடி அப்பாவின் நாற்காலி. பக்கத்து ஸ்டூலில் பழைய கருவிப்பெட்டி. தம்பி தன் பள்ளிக்கூட பெல்ட்டைக் கழற்றி அதற்குக் கட்டிவிட்டான். அப்பா முகம் மழிக்கும் கண்ணாடியை எடுத்து வந்து எதிர்ச்சுவரில் மாட்டினேன்.

"என்னம்மா இதெல்லாம்?" என்றார் அப்பா.

"உக்காருங்கப்பா. ஊர்ல யார் மாட்டிக்கிட்டாலும் பன்னிரண்டு நிமிஷத்துல போயிடறீங்க. தொப்பிக்காரர் மட்டும் அம்பத்து மூணு நாளா உள்ளயே இருக்கார்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அதில் எங்கள் மூன்று பேரையும் ரொம்ப நேரம் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாரோ?

"பெல்ட் போட்டாச்சா?" என்றார் அப்பா.

"போட்டாச்சு!"

"தொப்பிக்காரர் என்ன பண்ணாருன்னா, இருக்கறதுலயே பெரிய தொப்பியா ஒண்ணை எடுத்து, ஆட்டுக்குப் போட்டுவிட்டார். ஏன்னு கேளுங்க..."

சமையலறையிலிருந்து அம்மா கையில் ஈரத்தோடு எட்டிப் பார்த்தார். அப்படியே வாயைப் பிளந்து நின்றார். பிறகு சத்தமில்லாமல் வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா அதையும் கண்ணாடியில் பார்த்தார். ஒரு நொடி தடுமாறினார். ஆனால் கதையை நிறுத்தவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் தொப்பிக்காரர் பத்திரமாக வெளியே வந்துவிட்டார். ஆடுதான் வர மாட்டேன் என்றது. அதற்கு லிஃப்ட் பிடித்துப்போய்விட்டதாம். அதை வெளியே கொண்டுவர அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.