அருகில் இருப்பவர்

மாணிக்கம் செம்மேட்டிலிருந்து கிளம்பும்போது மதியம்தான். ஆனால் மலையில் வெளிச்சம் இல்லை. மேகம் ரோட்டுக்கே இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரங்களைப் பாதிக்கு மேல் மறைத்திருந்தது. முதுகில் மாட்டியிருந்த பையில் சூடாகக் கஞ்சியும் துவையலும் இருந்தன. தேவனூர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும் குடியிருப்பில் அருணா டீச்சர் காய்ச்சலோடு கிடந்தாள். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவள். பக்கத்தில் ஆள் கிடையாது.

சாப்பாடு சமைத்து அனுப்புவது ராதிகா. அவளிடம் வண்டி ஓட்டுகிறவர்கள் மாணிக்கத்தையும் சேர்த்து நான்கு பேர். ஊர்கள் தூரம் தூரமாக இருப்பதால் அவள் தம்பி ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தான். யார் எங்கே போகிறார்கள் என்பது எல்லோர் செல்போனிலும் பச்சைப் புள்ளியாகத் தெரியும். எந்த ஆர்டருக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ, அது தானாகவே அவருக்கு மாறிவிடும். வீண் அலைச்சல் இல்லை. சாப்பாடும் ஆறுவதில்லை.

பலா மரங்கள் நெருங்கி நின்ற ஒரு வளைவில் மாணிக்கத்தின் செல்போன் ஒலித்தது.

‘உங்கள் ஆர்டர் அருகில் இருப்பவருக்கு மாற்றப்பட்டது.’

அவன் வண்டியை ஓரம் கட்டினான். வரைபடத்தில் அவனுடைய புள்ளியை ஒட்டி இன்னொரு புள்ளி இருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ராதிகா கூப்பிட்டாள்.

“ஏனுங்ணா, பின்னாடி யாரை ஏத்தியிருக்கீங்க?”

“யாரையும் ஏத்தலையே அம்மிணி.”

“உங்க புள்ளி மேலயே இன்னொரு புள்ளி நிக்குதுங்ணா. பேரு இல்ல, நம்பரும் இல்ல. மத்த மூணு பேரும் இங்க கடையிலதான் இருக்காங்க.”

பேச்சு பாதியில் அறுந்தது.

அவன் மறுபடி வண்டியை எடுத்தான். வண்டி திணறியது. பின்சக்கரம் அமுங்கியிருந்தது, ஆள் ஏறி உட்கார்ந்தது போல. அப்போதுதான் தோண்டிய ஈர மண்ணின் வாடை கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

பார்த்தான். மேகம்தான் தெரிந்தது.

முதுகில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

மெதுவாக. ஒவ்வொரு பல்லாக.

அவன் நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தான். சட்டென்று வண்டி லேசானது. முதுகும் லேசானது. செல்போனில் அந்தப் புள்ளி அவனைவிட்டுப் பிரிந்து, ரோடே இல்லாத காட்டுக்குள் நேர்கோடாகப் போனது. டீச்சரின் குடியிருப்பை நோக்கி.

திரும்பிப் போய்விடலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்தி. மாணிக்கம் வேகத்தைக் கூட்டினான்.

கதவு திறந்திருந்தது. அருணா போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“சாப்பாடு வந்துடுச்சே அண்ணா. உங்க ஆளு இப்பதான் குடுத்தாரு. தொப்பலா நனைஞ்சிருந்தாரு, ஒரு வார்த்தை பேசல. குளிருமேன்னு உள்ள உக்காரச் சொன்னேன்.”

“எங்க உக்காந்திருக்காருங்க?”

அவள் திரும்பிக் கை காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது.

நாற்காலி காலியாக இருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இப்ப இருந்தாரு அண்ணா…”

“பேசாதீங்க டீச்சர்,” என்றான் மாணிக்கம், மூச்சுக் காற்றாக. “எதையும் எடுக்க வேண்டாம். அப்படியே வந்து வண்டியில ஏறுங்க.”

அவள் படி இறங்கினாள்.

உள்ளே நாற்காலி தரையில் உரசிப் பின்னால் நகர்ந்தது. யாரோ எழுந்திருக்கும் சத்தம்.

செம்மேடு ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை மாணிக்கம் வண்டியை நிறுத்தவில்லை. நர்ஸ் வந்து உள்ளே அழைத்துப் போகும்போதுதான் அருணா அவன் சட்டையை விட்டாள். காய்ச்சல் இறங்கியதும் திருச்சிக்கே போய்விட்டாள். அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அவள் சாமான்களைப் பகல் வெயிலில் நான்கு பேர் சேர்ந்து போய் எடுத்து வந்தார்கள்.

ராதிகா அன்றைக்கே ஆப்பை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு போனில் சொன்னால் மட்டும்தான் சாப்பாடு. தாமதமானாலும் பரவாயில்லை, எந்த ஆள் எங்கே போகிறான் என்று அவளே கேட்டுக் கேட்டு அனுப்பினாள். மாணிக்கம் பழையபடி சிரிக்க ஆரம்பித்தான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மிளகுத் தோட்டத்திலிருந்து மாதம்மாள் சாப்பாடு கேட்டாள். வீட்டுக்காரர் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போயிருந்தார், அவள் தனியாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வழியில் மரம் சாய்ந்து ரோடு அடைபட்ட செய்தி வந்தது. நான்கு வண்டிகளும் கடை வாசலில் நனைந்துகொண்டிருந்தன. உலையில் இன்னும் அரிசிகூடப் போடவில்லை.

வர முடியாது என்று சொல்லத்தான் ராதிகா கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, இன்னைக்கு அனுப்ப முடியாதுங்க.”

எதிர்முனையில் மழைச் சத்தம். அதனூடே மாதம்மாளின் குரல் மிகவும் தணிந்து வந்தது.

“சாப்பாடு வந்துருச்சு கண்ணு. தின்னும் முடிச்சுட்டேன். உங்க ஆளுதான் போக மாட்டேங்கறாரு. கதவுல சாஞ்சுட்டு நிக்கறாரு.”