பானெட்டுக்குப் பின்னால் யார்

"அப்பா, பானெட்டைத் தூக்கிட்டா உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதே. அப்புறம் யாரைப் பாத்து 'அடி'ன்னு சொல்றீங்க?"

டிரைவர் நிதானத்தின் மகள் சின்னவளாக இருந்தபோது கேட்ட கேள்வி இது. பிக்கப் வண்டி மக்கர் பண்ணுகிற நாட்களில் அவள்தான் டிரைவர் சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு சாவியைத் திருப்புவாள். அவர் முன்னால் நின்று "அடி" என்பார், இன்ஜின் சுற்றும். "போதும்" என்பார், நிற்கும். தூக்கி வைத்த பானெட் கண்ணாடியை மறைத்துவிடுவதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"உன்னை விட்டா யாரும்மா அங்க வந்து உக்காரப் போறா?" என்று அன்று சிரித்துவிட்டார்.

அந்தக் கேள்வி பல வருஷம் கழித்து, ஒரு மலைப்பாதையில், பட்டப்பகலில் அவரைத் தேடி வந்தது.

எவ்வளவு அவசரமானாலும் வண்டியை உருட்டிக்கொண்டு போவதால் அவருக்கு நிதானம் என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று வண்டியின் பின்னால் புதிதாய்ப் பொரித்த கோழிக்குஞ்சுகள் அட்டைப்பெட்டிகளில் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கையின் பண்ணைக்குப் போகிற முதல் லோடு. கணவன் போனபின் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தவள் இப்போதுதான் ஒரு கொட்டகையைப் போட்டு எழுந்து நின்றிருந்தாள். குஞ்சுகளுக்குக் குளிர் ஆகாது. வெயில் இறங்குவதற்குள் கொண்டு சேர்க்க வேண்டும்.

அடிவாரத்தில் டீசல் போட்டவர் குழாயை மாட்டிவிட்டு அருகில் வந்தார்.

"மேல பழைய எடைமேடை ஒண்ணு வரும். அங்க நிறுத்தாதீங்கண்ணே. நிறுத்தினாலும் இன்ஜினை அணைச்சுடாதீங்க."

"ஏன், புலி இருக்கா?"

"புலின்னா பரவாயில்லையே. ஒரு டிரைவர் அங்கதான் போய்ச் சேந்தாரு. இன்ஜின் சுத்துது, ஆனா எடுக்கல. டீசல் லைன்ல காத்து புகுந்துடுச்சு. முன்னால ஒருத்தர் கைபம்பை அழுத்தணும், உள்ள ஒருத்தர் சாவி அடிக்கணும். அவரு ஒத்தை ஆளு. போற வண்டிக்கெல்லாம் கை காட்டியிருக்காரு. ஒருத்தரும் நிக்கல. மறுநாள் பாத்தா கம்பளியைப் போத்திக்கிட்டு சீட்லயே விறைச்சுக் கிடந்தாரு."

"கேக்கவே மனசு என்னமோ பண்ணுதே."

"அதான் சொல்றேன். நிறுத்தாதீங்க."

நிறுத்தும் எண்ணம் அவருக்கும் இல்லை. ஆனால் மேலே ஏற ஏறப் பனிமூட்டம் அடைத்துக்கொண்டது. தார்ப்பாயின் கயிறு அவிழ்ந்து படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. குளிர்காற்று நேரே பெட்டிகளுக்குள் போகும். வண்டியை ஓரம் கட்டுகிற அளவுக்கு அகலம் கிடைத்தது ஓர் இடத்தில்தான்.

எடைமேடை.

கூரை பாதி இறங்கிய ஷெட். கண்ணாடி இல்லாத ஜன்னல். இன்ஜினை அணைக்காமல்தான் இறங்கினார். ஆனால் புகை மேலே போக வழியில்லாமல் பனிக்கடியில் படுத்து, தார்ப்பாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் மூச்சுத் திணறின. அந்த வாயில்லா ஜீவன்களைப் பார்த்ததும் டீசல்காரர் சொன்னது மறந்துவிட்டது. சாவியைத் திருப்பி அணைத்தார். கயிற்றை இழுத்துக் கட்டினார். திரும்ப வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சுற்றியது. எடுக்கவில்லை.

மறுபடியும் அடித்தார். சுற்றியது. சாவியை விட்டதும் நின்றது.

ஷெட்டுக்குப் பின்னால் அதன் எதிரொலி, ஒரு நொடி கூடுதலாகச் சுற்றிவிட்டு நின்றது.

ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்தார். தங்கையின் குரல் விட்டுவிட்டு வந்தது.

"அண்ணே, எங்க வர்றீங்க? சூடு விளக்கு எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். நடந்து வர்றவங்க கூட உங்களை முந்திடுவாங்க போல."

"வந்துட்டே இருக்கேம்மா. சின்ன ரிப்பேர்..."

தொடர்பு அறுந்தது.

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அது அவருடைய பழக்கம். சாவியை வண்டியில் விட்டுவிட்டு ஒருநாளும் இறங்க மாட்டார். பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தார். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆகவே பேட்டரியில் குறையில்லை. டீசல் வருகிறதா? ஃபில்டர் மேலிருந்த நட்டைத் தளர்த்திக் கைபம்பை அழுத்தினார். ஒரு குமிழிகூட இல்லாமல் டீசல் சுத்தமாக வழிந்தது. நட்டை இறுக்கினார். மிச்சம் இருப்பது டீசல் பம்பில் முறுக்கியிருக்கும் சோலனாய்டு. கட்டைவிரல் அளவு உருப்படி. சாவியை ஆன் பண்ணினால் அது 'டிக்'கென்று திறந்து இன்ஜினுக்கு டீசலை விட வேண்டும்.

அதன்மேல் விரலை வைத்துக் காதைச் சாய்த்தார். வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அடி."

இன்ஜின் சுற்றியது.

விரலடியில் 'டிக்' இல்லை என்பதைத்தான் அவர் முதலில் கவனித்தார். பிறகுதான் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

சாவி பையில் இருந்தது.

இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

குஞ்சுகளின் சத்தம், அத்தனையும், ஒரே சமயத்தில் நின்றுபோனது.

நனைந்த கம்பளியின் வாடை வந்தது.

"போதும்," என்றார். குரல் எழும்பவில்லை. இருந்தும் நின்றது.

பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கீழே விரற்கடை இடைவெளி உண்டு. குனிந்து பார்த்தார். ஸ்டீயரிங் தெரிந்தது. அதைப் பிடித்த கை எதுவும் தெரியவில்லை. ஆனால் கண்ணாடியின் உள்பக்கத்தில், யாரோ மூச்சு விடுவதுபோல, வெண்மை படர்ந்தது, சுருங்கியது, மறுபடி படர்ந்தது.

ஓடியிருப்பார். கால் ஓடத்தான் திரும்பியது. பின்னால் அந்தப் பெட்டிகளும் அங்கே விளக்கைப் போட்டு வைத்துக் காத்திருக்கும் தங்கையும் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். கடவுளே என்று ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் 'அடி' என்றதும் அடித்தது. 'போதும்' என்றதும் விட்டது. கெடுதல் நினைக்கிறவர் சொன்ன பேச்சைக் கேட்பாரா?

"அண்ணே," என்றார் மெதுவாக. "சோலனாய்டு போயிடுச்சு. என்கிட்ட மாத்து இல்ல."

ஷெட்டுக்குப் பின்னால், இன்னொரு இன்ஜின் தனியாகச் சுற்றியது.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பிடித்தபடி நடந்தார். அவர் வண்டியின் அதே ஜாதி பிக்கப் ஒன்று புதருக்குள் புதைந்து நின்றது. சக்கரங்கள் இல்லை. பேட்டரி இருந்த இடத்தில் வெறும் தகரம். செத்துப்போன அந்த டிரைவர் அன்று தூக்கி வைத்த பானெட்டை இத்தனை காலத்தில் ஒருவரும் இறக்கி வைக்கவில்லை.

சத்தம் நின்றிருந்தது. துருவேறிய பம்பில் சோலனாய்டு மட்டும் இருந்தது.

"இரவலாத்தான் எடுத்துக்கிறேண்ணே. நல்லதா ஒண்ணு கொண்டுவந்து வெச்சுடறேன்."

இத்தனை துருவில் எப்படிக் கழற்றுவது என்று யோசித்தபடி ஸ்பானரை வைத்தார். யாரோ முன்பே தளர்த்தி வைத்ததுபோல அது வழுக்கிக்கொண்டு சுழன்றது.

தன் வண்டியில் அதை முறுக்கி வயரை மாட்டினார். கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

"அடிங்கண்ணே."

டிக்.

இன்ஜின் சுற்றியது. எடுத்தது. அந்தக் கணமே பெட்டிகளுக்குள்ளிருந்து கீச்கீச்சென்று ஒரே கூச்சல்.

பானெட்டை இறக்கினார். சீட் காலியாக இருந்தது. ஏறி உட்கார வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. கதவைத் திறந்தபடி சிறிது நேரம் நின்றார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே," என்று சொல்லிவிட்டு ஏறினார். சீட் நனைந்து ஐஸாகக் குளிர்ந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைச் சொருகிக்கொண்டு கிளம்பினார். வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக ஓட்டினார்.

தங்கை ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து விளக்கடியில் விட்டாள். எல்லாம் உயிரோடு இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருண்ணே சரி பண்ணிக் கொடுத்தது?" என்றாள்.

"வழியில ஒரு டிரைவர் கை கொடுத்தாரு."

"பேரு கேட்டீங்களா?"

"கேக்கலம்மா."

"நல்லா இருக்கணும். நமக்காக நின்னாரே."

அதைக் கேட்டதும் அவர் மலை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச நாள் கழித்து, சுள்ளென்று வெயில் அடித்த ஒரு நடுப்பகலில், யாரிடமும் சொல்லாமல் மலையேறினார். சாலையில் வேறு வண்டி இல்லை. புதரை விலக்கி, வாங்கி வந்த புதுச் சோலனாய்டை அந்தச் செத்த வண்டியின் பம்பில் முறுக்கினார். வயரின் துருவைச் சுரண்டி மாட்டினார். இரவல் வாங்கியதைத் திருப்பியாயிற்று. போயிருக்கலாம். ஆனால் அந்த மனிதருக்கு அன்று தேவைப்பட்டது சோலனாய்டு அல்ல, இன்னொரு ஆளின் கை.

நட்டைத் தளர்த்தினார். காய்ந்து கிடந்த கைபம்பின்மேல் கட்டைவிரலை வைத்தார். அன்று எந்த வண்டியும் நின்று செய்யாததை, சாட்சிக்கு ஒரு காக்கைகூட இல்லாத அந்த இடத்தில், நிதானமாக அழுத்தி அழுத்திச் செய்தார். நட்டை இறுக்கிவிட்டு, சோலனாய்டின்மேல் விரலை வைத்து, பானெட்டுக்குப் பின்னால் பார்க்காமல் சொன்னார்:

"நான் பிடிச்சிருக்கேன். இப்ப அடிங்கண்ணே."

பேட்டரியே இல்லாத அந்த வண்டிக்குள், அவர் விரலடியில், டிக்கென்றது.