கண்ணாடியில் ஒரு நர்ஸ்!

போன் அலறியது.

எடுத்தால், அதற்குள் அதைவிடப் பெரிய அலறல்!

"சார்... அவ வந்துட்டா! இங்கதான் இருக்கா!"

துணிக்கடையில் கேமரா மாட்ட ஏணியில் ஐந்தாவது படியில் நின்றிருந்தான் ஒயர். வைஃபை, கேமரா, ஸ்மார்ட் கண்ணாடி... இவற்றை மாட்டுவதும், மாட்டியதை ரிப்பேர் செய்வதும் அவன் பிழைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயரை மனைவி மட்டும்தான் சொல்வாள். அதுவும் கோபத்தில். ஊருக்கு அவன் ஒயர்.

"யாரு மேடம் வந்துட்டா?"

"நர்ஸ்! நம்ம கண்ணாடி காட்டுது சார். 'நர்ஸ் - வீட்டில்'னு பச்சையா எரியுது!"

ஒயர் ஏணியிலிருந்து ஒரு படி இறங்கினான்.

அந்த நர்ஸ் பதினோரு நாளாக ஜெயிலில் இருக்கிறாள்! அந்த மேடத்தின் மாமனாரான பெரிய டாக்டரை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றாள் என்று கேஸ்.

அவளை உள்ளே அனுப்பியதே அந்தக் கண்ணாடிதான்.

அடுத்த அரை மணியில் ஒயர் அந்த வீட்டு ஹாலில் இருந்தான்.

ஆள் உயரக் கண்ணாடி. முகம் பார்க்கலாம். ஓரத்தில் மணி, வெயில் எவ்வளவு, மழை வருமா எல்லாம் எழுத்தில் மின்னும். கீழே நான்கு பெயர்கள். டாக்டர், மகன், மருமகள், நர்ஸ். ஆள் வீட்டில் இருந்தால் பச்சை. வெளியே போனால் சிவப்பு.

டாக்டர் சிவப்பு. இனி எப்போதும் சிவப்புதான்.

நர்ஸ்... பச்சை!

"வீடு பூரா தேடிட்டேன். கட்டிலுக்கு அடியில கூட பாத்துட்டேன்" என்றாள் மருமகள். பள்ளிக்கூட டீச்சர். கைவிரலில் சாக்பீஸ் தூள்கூட இன்னும் போகவில்லை.

"பயப்படாதீங்க மேடம். இது ஆளைப் பாக்கறதில்ல, போனைத்தான் பாக்குது. நம்ம வைஃபையில அந்த போன் இருக்கான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கும். பதில் வந்தா பச்சை."

"அவ போன் போலீஸ்ல இருக்கே சார்! அப்ப பதில் சொல்றது யாரு?"

ஒயர் தோள்பையைக் கழற்றி வைத்தான்.

லேப்டாப்பைத் திறந்தபடி தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அந்த நாள் ஞாபகம் வந்து தொலைத்தது.

இதே ஹால். படிக்கட்டின் அடியில் வெள்ளைத் துணி மூடிய உடல். இதே கண்ணாடியிலிருந்து அன்றைய பதிவை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தவன் ஒயர்தான். '11.05 - மகன் வெளியே. 11.40 வரை நர்ஸ் வீட்டில்.' டாக்டர் விழுந்தது பதினொன்றரைக்கு.

"இது தப்பா காட்ட சான்ஸ் இருக்காப்பா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மனுஷன் பொய் சொல்வான் சார். மெஷின் சொல்லாது!"

சொன்னான். எழுதிக் கையெழுத்தும் போட்டான். நாலு போலீஸ்காரர்கள் நடுவில் பெரிய நிபுணர் மாதிரி காலரை இழுத்து விட்டுக்கொண்டான்.

அப்போது அந்த நர்ஸ் அவனைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பதினோரு மணிக்கே நான் மருந்துக்கடைக்குக் கெளம்பிட்டேன் சார். மாத்திரையை நான் திருடல... நீங்களாவது நல்லா பாத்து சொல்லுங்க சார்!"

அலமாரியில் தூக்க மாத்திரைகள் குறைந்திருந்தன. அவள் திருடியதை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார், அதனால் தள்ளிவிட்டாள் என்று ஊகித்தார்கள். மருந்துக்கடையில் கூட்டம். அவள் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஒயர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சார்?" மருமகளின் குரல் அவனை உலுக்கியது.

"ம்... மேடம், உங்க போனை அணைங்க."

அணைத்தாள். ஒரு நிமிடம். 'மருமகள்' சிவப்பானது.

"இது சரியா இருக்கு. வீட்டுல வேற போன்?"

"அவர் குளிச்சிட்டு இருக்கார். போன் ரூம்ல சார்ஜ்ல கெடக்கு."

"அதையும் அணைச்சிட்டு வாங்க."

போனாள். அணைத்தாள். வந்தாள்.

ஒயர் கண்ணாடியையே பார்த்தான். பத்து நொடி... முப்பது நொடி... ஒரு நிமிடம்...

'மகன்' முன்பே சிவப்பு. அதில் மாற்றமில்லை.

'நர்ஸ்' சிவப்பானது!

அவன் லேப்டாப்பை மடிக்கு இழுத்தான்.

லேப்டாப்பில் விரல்கள் ஓடின. ரௌட்டருக்குள் நுழைந்தான். ரௌட்டர் ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் கொடுக்கும். அது தற்காலிக நம்பர். கரண்ட் போய் வந்தால் மாறலாம். போனுக்கென்று பிறவியிலேயே ஒரு நிரந்தர நம்பர் உண்டு. கண்ணாடியில் அதைத்தான் பதிந்திருக்க வேண்டும்.

ஒயர் பதிந்தது தற்காலிக நம்பரை!

நான்கு போனையும் வாங்கி நிரந்தர நம்பரைத் தேடி எடுக்க அரை மணி பிடிக்கும். அன்றைக்குச் சோம்பல். 'இதுவே போதும், ஓடும்' என்று மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

"மேடம்... டாக்டர் இறந்த அன்னைக்கு கரண்ட் போச்சா?"

"காலையில எட்டரை மணிக்கு. அஞ்சு நிமிஷம். நான் ஸ்கூலுக்குக் கெளம்பற நேரம்."

ரௌட்டர் கம்பெனியின் சர்வரில் முப்பது நாள் பதிவு இருக்கும். ஒயர் அதைத் திறந்தான். நிரந்தர நம்பர்களோடு வரிவரியாக வந்தது அந்தக் காலை.

கரண்ட் வந்ததும் நம்பர்கள் இடம் மாறியிருந்தன. மகன் போனுக்கு நர்ஸின் நம்பர்! நர்ஸ் போனுக்கு மகனின் நம்பர்!

11.05க்கு வெளியே போனவள் நர்ஸ்.

11.40 வரை வீட்டில் இருந்தவன்...

அன்று மதியம் பதிவை எடுக்கும்போது ரௌட்டரை அணைத்துப் போட்டவனும் ஒயர்தான். நம்பர்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒயருக்குத் தன் கையைப் பார்க்கவே கூசியது. கையெழுத்துப் போட்ட கை.

"என்ன ஒயர்... வேர்த்துக் கொட்டுது?"

குரல் பின்னாலிருந்து வந்தது. தலையைத் துவட்டியபடி மகன் நின்றிருந்தான். பார்வை லேப்டாப் திரைமேல்!

"ஏம்மா, நீ போய் காப்பி போடு."

மருமகள் அவனைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள். மெல்ல சமையலறைக்குப் போனாள்.

மகன் அருகே வந்து குந்தினான். சோப்பு மணந்தது.

"புரிஞ்சிடுச்சா?"

"சார்... அது வந்து..."

"எனக்கு அன்னைக்கே புரிஞ்சிடுச்சு. அலமாரி மாத்திரையை நான் எடுத்து வித்ததையும், அவர் லெட்டர்பேடுல தூக்க மாத்திரைக்கு சீட்டு எழுதி வித்ததையும் அப்பா கண்டுபிடிச்சிட்டார். போலீசுக்குப் போறேன்னு குதிச்சார். ஒரு தள்ளு! கீழ எறங்கி வந்து பாத்தா, உன் கண்ணாடி நான் வீட்டுலயே இல்லன்னு காட்டுது!" சிரித்தான். "உனக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும்."

ஒயர் லேப்டாப்பை மூடினான்.

"போலீசுக்குப் போவியா? தாராளமா போ. போய் என்ன சொல்லுவே? 'என் சோம்பேறித்தனத்தால ஒரு அப்பாவிப் பொண்ணு பதினோரு நாளா களி தின்னுது'ன்னா? அப்புறம் எவன் வீட்டு வாசல்ல உன்னை ஏத்துவான்? உன் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பே?"

ஒயர் தரையைப் பார்த்தான். இவன் கொலைகாரன்தான். ஆனால் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை!

"கண்ணாடியில இருக்கிற பதிவை அழி. கழட்டி எடுத்துட்டுப் போ. மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

அழித்தான்.

கழற்றினான். சுமந்தான். வேனில் ஏற்றினான். வாசலில் நின்று மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தெருமுனையில் வேனை நிறுத்தினான்.

இருபது நிமிடம்.

இருபது நிமிடமும் அவன் யோசித்தது கொலையைப் பற்றி அல்ல, தன் மானத்தைப் பற்றி. அது புரிந்ததும் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

"தூ..." என்றான். தன்னைத்தான்!

வண்டி ஸ்டேஷனுக்குத் திரும்பியது.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று உள்ளே நுழைந்தவன், அப்படியே நின்றான்.

இன்ஸ்பெக்டருக்கு எதிர் நாற்காலியில்... மருமகள்!

"வருவாரா மாட்டாரான்னு சந்தேகமா இருந்துச்சு சார்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "வந்துட்டார்."

"மேடம்... நீங்க எப்படி?"

"போன வாரம் கரண்ட் போய் வந்துச்சு. நான் ஹால்ல நிக்கறேன், கண்ணாடி என்னை வெளியேன்னு காட்டுது. அப்பவே பொறி தட்டிடுச்சு. யார்கிட்ட சொல்ல? அந்த வீட்டுல அவரோட தனியா இருக்கறவ நான். உங்களை சும்மா கூப்பிட்டா அவருக்கு சந்தேகம் வரும். அதான் இன்னைக்கு மதியம் லீவு போட்டுட்டு வந்து ரௌட்டரை நானே அணைச்சு அணைச்சுப் போட்டேன். நாலாவது தடவை 'நர்ஸ்' பச்சையாச்சு. உடனே அலறினேன்! அவர் உங்ககிட்ட பேசினதையெல்லாம் சமையலறையில நின்னு கேட்டுட்டு, நீங்க வேனை எடுத்ததும் ஆட்டோ பிடிச்சு இங்க வந்துட்டேன்."

"அந்த அலறல்... நடிப்பா!"

"பாதிதான் நடிப்பு" என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு வாரம் தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன் சார். அந்தப் பொண்ணு உள்ள இருக்கான்னு தெரிஞ்சே சாப்பிட்டேன், தூங்கினேன். உங்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"யோவ் ஒயர்! அன்னைக்கு மெஷின் பொய் சொல்லாதுன்ன?"

"மெஷின் சொல்லல சார். நான் சொன்னேன். கண்ணாடிப் பதிவை அழிச்சிட்டேன். ஆனா கம்பெனி சர்வர்ல எல்லாம் இருக்கு. அது அவருக்குத் தெரியாது. அன்னைக்கு எழுதிக் குடுத்தது தப்புன்னு இன்னொரு பேப்பர் குடுங்க... எழுதறேன்."

இன்ஸ்பெக்டர் பேப்பரை நீட்டினார். அன்றைக்கு மருந்துக்கடையில் இன்னும் நாலு பேரைக் கேட்டிருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும்.

அன்று மாலையே மகன் ஜீப்பில் ஏறினான். மூன்றாம் நாள் ஜெயில் கேட் திறந்தது.

கையில் ஒரு துணிப்பையோடு நர்ஸ் வெளியே வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வேனுக்குப் பக்கத்தில் நின்ற ஒயரைப் பார்த்ததும் நடை நின்றது.

"சிஸ்டர்..." ஒயர் கை கூப்பினான். "எல்லாம் என் தப்பு. அரை மணி வேலைக்கு சோம்பல் பட்டேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறதுன்னே தெரியல."

அவள் கண்ணில் நீர் கோத்தது. துடைத்துக்கொண்டாள். பிறகு வேன் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"முதல்ல என்னை எங்க அம்மா வீட்டுல விடுங்க. மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன். அதுக்குள்ள எந்த முகம்னு ஒரு கண்ணாடியில பாத்துட்டு வாங்க..."

ஒயர் தலையாட்டினான்.

"...நீங்க மாட்டின கண்ணாடியில மட்டும் பாக்காதீங்க சார். அதுல என் முகம் தெரியும்!"