சிவக்காத இடம்

சூடான மைலோ பானத்தை ஊற்றியதும் கோப்பை சிவந்தது. நான்கு கோடுகள் மட்டும் நீலமாகவே நின்றன.

சூடாக இருந்தால் சிவக்கும், குடிக்கும் பதத்துக்கு ஆறினால் நீலமாகும் கோப்பை. மகள் கத்தரின் நாக்கைச் சுட்டுக்கொண்ட வாரம், எல்ஸி அதை ஈப்போவில் தேடிப் பிடித்து வாங்கினாள். சிவப்பு போகும்வரை இரு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்து, பிறகுதான் பிள்ளையிடம் கொடுப்பாள். எல்ஸியைக் காய்ச்சல் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஈப்போவை அடுத்த லகாட்டின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தாண்டி வந்த மாலை மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, உள்ளறையிலிருந்து கத்தரினின் முனகலும், எங்கிருந்தோ அணைந்த மெழுகுவத்தியின் வாசமும் வந்தன. எல்ஸியின் கணவன் சூசைநாதன் ஒரு கோட்டைத் தொட்டான். ஆவி பறக்கும் கோப்பையில் அந்த இடம் மட்டும் சில்லென்றிருந்தது.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா தம்பி?"

பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் கஞ்சியோடு வந்தாள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த குரல், மழையையும் மீறும்.

"இல்லக்கா. கூடிருக்கு."

"இது கல்லறைத் திருநாளுக்கு எல்ஸிக்குக் கோப்பி வச்ச கோப்பைதானே? திருப்பியா கொண்டாந்தீங்க?"

"பாப்பா அழுதாக்கா. தன்னோடதுன்னு."

"காலேஜு படிச்ச ஆளு! வேற வாங்க ஈப்போவுல கடையா இல்ல? செத்தவங்களுக்கு வச்சத அங்கேயே விட்டுட்டு வரணும்லா. எடுத்தா, கூடவே…"

கோடுகளைப் பார்த்துவிட்டாள். கஞ்சியை வைத்தாள். குடையை மறந்து மழையில் இறங்கிப் போனாள்.

அடக்கத்தன்றுகூட அழாதவன் அவன். இப்போது கோப்பையின் முன் உட்கார்ந்தான். மெலிந்த, நீண்ட கோடுகள். எல்ஸியின் விரல்களை அவனுக்குத் தெரியும்.

"எல்ஸி," என்றான். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிச்சிக்க. பிள்ளைய மட்டும் விட்டுடு."

கூரையில் மழை.

சிவப்பில் ஒரு நீலப் புள்ளி தோன்றியது. அதனருகே இன்னொன்று. கடலைப் பருப்பளவு. எல்ஸியின் விரல்களுக்குக் கீழே. வரிசையாக.

புள்ளிகள் நீண்டன.

முனகல் நின்றிருந்தது.

"கத்தரின்?"

பாதி எழுந்தவன் கோப்பையைப் பார்த்தான்.

கோப்பையில் ஆவி பறந்தது. நீண்ட விரல்களை இறுகப் பற்றியபடி, நீலமாய், குட்டி விரல்கள்.